கணக்கு எண் கேட்ட ஜெர்மன்காரம்மா

எங்கள் ஊரில் யாரிடமும் எதையும் கேட்கலாம். பேருந்தில் பக்கத்தில் வந்து உட்காரும் முன்பின் தெரியாத பெண்மணி, வண்டி கிளம்பி ராஜகோபுரம் கண்ணுக்கு மறைவதற்குள், எனக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம், ஏன் இன்னும் குழந்தை இல்லை, யாரிடம் கோளாறு, புருஷனுக்கு என்ன சம்பளம், அதில் மாமியார் கைக்கு எவ்வளவு போகிறது என்பது வரை விசாரித்து முடித்துவிடுவார். நானும் பதில் சொல்வேன். சொல்லாவிட்டால் திமிர் பிடித்தவள் என்று பெயர். கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டில் அவள் பிறந்த நேரம், நட்சத்திரம், செவ்வாய் குடியிருக்கும் இடம் எல்லாவற்றையும் நகல் எடுத்து, மூலையில் மஞ்சள் தடவி, தரகர் கையில் கொடுத்து ஊர் ஊராக அனுப்புவார்கள். அந்தரங்கம் என்ற ஒன்று எங்களுக்கு இல்லாமல் இல்லை. அதை ஒரே ஒரு விஷயத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்தோம். அதுதான் பேங்க் கணக்கு எண்.

எழுபதுகளின் கடைசியில் நான் மருமகளாக வந்து சேர்ந்த வீடு திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் இருந்தது. என் மாமனார் கீழ்பென்னாத்தூர் பக்கம் நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் பயிரிட்டவர். நிலத்தில் ஒரு பகுதியை விற்று, டவுனுக்கு வந்து, மாடியில் இரண்டு அறைகளோடு இந்த வீட்டைக் கட்டினார். கடவுளைத் தேடி வரும் வெள்ளைக்காரர்களுக்கு முதலில் ஓர் அறை தேவைப்படும் என்பதை அந்த ரோட்டில் இருந்த எல்லோரையும் போல அவரும் கண்டுபிடித்திருந்தார். என் கணவருக்கு வேலூரில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை முதல் வண்டிக்குப் போய்விடுவார். "எங்க மருமக பி.ஏ. இங்கிலீசு" என்று என் மாமனார் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமைக்குப் பரிசாக, மாடி அறைகளின் வாடகை, தண்ணீர், கரண்ட், கக்கூஸ் அடைப்பு சம்பந்தப்பட்ட சர்வதேசப் பேச்சுவார்த்தைகள் அத்தனையும் என் தலையில் விழுந்தன.

மாமனாரிடம் ஒரு சேமிப்புக் கணக்கு இருந்தது. பயிர்க்கடன் வாங்கிய காலத்தில் பேங்க்காரர்களே திறந்து கொடுத்தது. அதன் எண் வீட்டில் யாருக்கும் தெரியாது. என் கணவருக்குத் தெரியாது. மாமியாருக்குத் தெரியாது, அவருக்கு அதில் அக்கறையும் இல்லை. "அந்த நம்பர வெச்சி நான் இன்னா, ரசமா வெக்கப் போறேன்?" என்பார். பாஸ்புக்கின் மேல் அட்டையில் எண்ணை மையால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள் என்பதால் மாமனார் அதன்மேல் காலண்டர் தாளை ஒட்டியிருந்தார். அதை உர மூட்டையின் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, பனியனுக்கும் சட்டைக்கும் நடுவில் செருகிக்கொண்டு பேங்க்குக்குப் புறப்படுவார். பேங்க்கில் கிளார்க் காலண்டர் தாளைக் கிழித்து எடுத்துவிட்டு, ஹாலின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு கிளார்க்குக்குக் கேட்கும்படி அந்த எண்ணை ஒவ்வொரு இலக்கமாகக் கூவுவார். அவர் சரியாகக் கேட்கவில்லை என்று திருப்பிக் கூவச் சொல்வார். வரிசையில் நிற்கும் பாதி திருவண்ணாமலையும் கேட்கும். அப்போது என் மாமனார், அது வேறு யாருடைய எண்ணோ என்பதுபோல, மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வீட்டுக்கு வந்ததும் புதிதாக ஒரு காலண்டர் தாளை ஒட்டுவார்.

அவர் பயந்தது திருடனுக்கு இல்லை. மாமியாரின் தம்பிக்கு. கீழ்பென்னாத்தூரில் இருந்த அந்த மனிதருக்கு ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கஷ்டம் வரும். மோட்டார் எரிந்துபோகும், பெண்ணுக்குக் காது குத்தல் வரும், விதைக்குப் பணம் வேண்டியிருக்கும். கணக்கில் பணம் இருப்பது தெரிந்தால் அவர் கேட்பார். கேட்டால் கொடுக்க வேண்டும். ஆகவே மாமனாரின் பாதுகாப்பு ஏற்பாடுகள் எல்லாம் அந்த ஒற்றை மச்சானுக்கு எதிராகத்தான்.

இந்த நிலையில்தான் எங்கள் மாடிக்கு ஜெர்மன்காரம்மா வந்தார். ஐம்பது வயதை ஒட்டியவர், நல்ல உயரம், அவர் நாட்டில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கோடையில் அங்கே வேலை, குளிர்காலத்தில் இங்கே மலையைச் சுற்றுவது என்று ஆண்டை இரண்டாக வெட்டி வைத்திருந்தார். மாடிப்படியைத் தானே பெருக்குவார். மாமியாருக்கு அது மானக்கேடாக இருக்கும்; விளக்குமாற்றை ஒளித்து வைப்பார்; ஜெர்மன்காரம்மா கடைக்குப் போய்ப் புதிது வாங்கி வந்துவிடுவார்.

முதல் குளிர்காலம் முடிந்து ஊருக்குக் கிளம்பும் சமயத்தில், ஒரு காலை கீழ்க்கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். அறை தனக்கே வேண்டும், தான் ஜெர்மனியில் இருக்கும் மாதங்களுக்கும் வாடகையைத் தவறாமல் அனுப்பிவிடுவதாகச் சொன்னார். பிறகு, கடைக்காரரிடம் தீப்பெட்டி கேட்பதுபோல, "உங்கள் பேங்க் கணக்கு எண்ணைச் சொல்லுங்கள்" என்றார்.

மாமனார் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"இன்னா நம்பரு?"

"பேங்க் நம்பர் மாமா."

"அந்தம்மாவுக்கு இன்னாத்துக்கு அது?"

"பணம் போடத்தான்."

"பணத்தக் கையில குடுத்துட்டுப் போவச் சொல்லு."

கேட்டேன். இனிமேல் போய்ச் சம்பாதித்தால்தான் பணம் என்றார் ஜெர்மன்காரம்மா.

"அப்ப திரும்பி வந்து குடுக்கட்டும். நாம இன்னா ஓடியா போவப் போறோம்?"

அதையும் சொன்னேன். கொடுக்க வேண்டியது பாக்கி இருந்தால் தனக்கு ராத்திரியில் தூக்கம் வராது என்றார் அவர். மாமனார் அதை நம்பவில்லை. கூட்டுறவு சங்கத்துக்குப் பாக்கி வைத்துவிட்டு நிம்மதியாகக் குறட்டை விடும் மனிதர்களுக்கு நடுவில் வளர்ந்தவர் அவர்.

அம்மா மாடிக்குப் போய் ஒரு கட்டுக் காகிதத்தோடு இறங்கி வந்தார். அவர் ஊர் ரொட்டிக்கடையின் ரசீது, குழாய் ரிப்பேர்காரரின் பில், மாதாகோயில் பாட்டுக் குழுவின் நோட்டீஸ். ஒவ்வொன்றின் அடியிலும் கடை விலாசத்துக்குப் பக்கத்தில் பேங்க் பெயரும் கணக்கு எண்ணும் அச்சில் இருந்தன. தன் வீட்டுக் கடிதத் தாளிலும்கூட அச்சடித்து வைத்திருந்தார். எண் தெரிந்தால் யாரும் பணத்தைப் போடத்தான் முடியும், எடுக்க முடியாது; பிறகு மறைப்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எண்ணை மறைப்பவன் வேறு எதையோ மறைக்கிறான் என்று அவர் மனதில் பட்டது முகத்தில் தெரிந்தது. அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

மாமனார் ரொட்டிக்கடை ரசீதைக் கண்ணுக்கு எட்டப் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் வந்தது உண்மையான இரக்கம்.

"அட பாவமே! நம்பர ஊருக்கே அச்சடிச்சிக் குடுத்துட்டானே. இவனுக்கு மச்சான் யாரும் இல்லியா?"

நான் கேட்டேன். ரொட்டிக்கடைக்காரர் மனைவிக்கு மூன்று சகோதரர்கள் என்றார் ஜெர்மன்காரம்மா. அது எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. மூன்று என்று கேட்டதும் மாமனார் ரசீதை மரியாதையோடு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எதிர் அறையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்தார். முப்பது வயதிருக்கும், தாடி, காவி வேட்டி. மௌன விரதம். வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். என் மாமியாருக்கு அவர்மேல் பக்தி உண்டு. ஏதாவது ஒரு நாள் வாய் திறப்பார், அப்போது வரும் சொல் பலிக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவர் தண்ணீர்ப் பானையோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தார். பாதியில் நின்றார். சிலேட்டைத் தேடினார். அது மாடியில் இருந்தது. தாங்க முடியாமல் வாயைத் திறந்துவிட்டார்.

"கொடுக்காதீங்க! யாருக்கும் கொடுக்காதீங்க!" என்றார் இங்கிலீஷில்.

மாமியார் சமையலறையிலிருந்து கையைத் துடைத்தபடி ஓடி வந்தார்.

"சாமி வாய தெறந்துட்டாரு! இன்னா சொன்னாரு, இன்னா சொன்னாரு?"

"பேங்க் நம்பர யாருக்கும் குடுக்காதீங்கன்னு சொல்றாரு அத்தை."

மாமியார் கூப்பிய கையை மெல்ல இறக்கிக்கொண்டார்.

அமெரிக்கருக்கு அடைத்து வைத்த பேச்செல்லாம் சேர்ந்து வந்தது. அவர் நாட்டில் எண்ணும் கையெழுத்தும் கெட்டவன் கையில் கிடைத்தால் கணக்கைத் துடைத்து எடுத்துவிடுவானாம். அவருடைய சித்தப்பா ஒருவருக்கு அப்படி நடந்ததாம். அப்படியானால் உங்கள் நாட்டு பேங்க் சரியில்லை என்றார் ஜெர்மன்காரம்மா. உலகம் தெரியாமல் பேசுகிறீர்கள் என்றார் அமெரிக்கர். நாமரூபங்களைத் துறக்கவென்று கடல் தாண்டி வந்த இரண்டு பேரும் எங்கள் கூடத்தில் நின்று பாஸ்புக்குக்காகச் சண்டை போட்டார்கள். கடைசியில் அமெரிக்கர் தன் விரதம் ஞாபகம் வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு மாடி ஏறினார்.

"பாத்தியா? மகான் சொல்லிட்டாரு" என்றார் என் மாமனார். அன்று மாலை ஒரு கிண்ணம் நிறைய அவித்த மல்லாட்டை அமெரிக்கரின் அறைக்குப் போயிற்று.

எண் கிடைக்காமலே ஜெர்மன்காரம்மா ஊருக்குக் கிளம்பினார். கிளம்புவதற்கு முன் டிராவலர்ஸ் செக் மாற்ற பேங்க்குக்கு வந்தார். துணைக்கு நானும் போனேன். மாமனாரும் தன் வேலையாக அங்கே வந்திருந்தார். வழக்கம்போல கிளார்க் அவருடைய எண்ணைக் கூவினார். எதிர்க்கோடியில் கேட்கவில்லை, திரும்பக் கூவினார். மாமனார் மின்விசிறியைப் பார்த்தார். ஜெர்மன்காரம்மாவுக்குத் தமிழ் எண்கள் தெரியாதுதான். ஆனால் கிளார்க் கூவியது இங்கிலீஷில். அவர் கைப்பையிலிருந்து சின்ன டைரியை எடுத்து, பேனா மூடியைக் கழற்றி, நிதானமாகக் குறித்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பேங்க்கே மேடை போட்டு அறிவிக்கும் ஒன்றைக் குறித்துக்கொள்ளாதே என்று எந்த முகத்தோடு சொல்வது?

வெயில் உச்சத்தில் இருந்த ஒரு நாள், மாமனார் எதிர்ச்சாரி டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மச்சான், பெரியாஸ்பத்திரிக்கு வந்தவர் அக்காள் வீட்டை எட்டிப் பார்க்க வந்திருந்தார். பேங்க் பியூன் சைக்கிளில் அந்தப் பக்கமாகப் போனவர், இறங்கக்கூட இல்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நல்ல சேதியை நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பெரியவரே! ஜெர்மனிலேர்ந்து உங்க கணக்குல பணம் ஏறிருக்குது. மேனேஜரே அசந்துட்டாரு!"

நான் எங்கள் வாசலில் நின்றிருந்தேன். மச்சான் முகம் மலர்ந்ததும் மாமனார் முகம் வாடியதும் ஒரே சமயத்தில் நடந்தன. மத்தியானம் மச்சான் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். சாப்பிட்டு எழுந்து கை துடைத்துக்கொண்டே, "மாமா, கெணத்து மோட்டார் மறுபடி போயிடுச்சி. ஃபாரின் பணமெல்லாம் வர்ற எடத்துல ஒனக்கு இது ஒரு பெரிசா?" என்றார். இரண்டு மாத வாடகை வந்த வேகத்தில் கீழ்பென்னாத்தூருக்குப் போய்விட்டது.

மறுநாள் பேங்க் திறந்தவுடன் மாமனார் மேனேஜர் அறைக்குள் நுழைந்தார். தைரியத்துக்கு என்னையும் அழைத்துப் போயிருந்தார். மேனேஜர் மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நல்ல மனிதர், நாற்காலியைக் காட்டினார்.

"என்னக் கேக்காம என் கணக்குல எப்பிடிப் பணம் போட்டீங்க?"

மேனேஜர் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. "யாராவது பணம் எடுத்துட்டாங்களாய்யா?"

"எடுக்கல. போட்டுட்டாங்க."

"எவ்ளோ கம்மியா இருக்கு?"

"கம்மி இல்லீங்க. ஜாஸ்தியா இருக்குது."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தேன்.

"பணம் காணோம்னு வருவாங்க. வந்துடுச்சின்னு இதுவரைக்கும் யாரும் வரலீங்களே" என்றார் மேனேஜர், பரிதாபமாக.

"எனக்கு நம்பர மாத்திக் குடுங்க."

எண்ணை மாற்ற வழியில்லை, வேண்டுமானால் இந்தக் கணக்கை முடித்துவிட்டுப் புதிதாக ஒன்று திறக்கலாம் என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மாமனார் அப்படியே செய்தார். புதுப் பாஸ்புக்குக்கு அன்றைக்கே காலண்டர் தாள் ஒட்டியாயிற்று. ஜெர்மனியில் ஒரு பெண்மணி மாதம் பிறந்ததும் பழைய எண்ணுக்கு அனுப்பப்போகிறார் என்று நான் ஞாபகப்படுத்தினேன். "போனா போவட்டும், வந்து குடுக்கட்டும்" என்றார்.

இதற்கிடையில் அமெரிக்கர் இமயமலைக்குப் புறப்பட்டார். எங்கள் மலை அவருக்குப் போதாமல் போய்விட்டது. பாக்கியிருந்த வாடகைக்குத் தன் ஊர் பேங்க்கின் செக் ஒன்றை எழுதிக் கொடுத்தார். ரோஜா நிறத்தில் அழகான செக். அதன் அடியில், கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரிந்துவிடும் போன்ற கறுப்பு எழுத்தில், அவருடைய கணக்கு எண் இருந்தது. இடதுபக்க மூலையில் அவர் பெயரும் விலாசமும் போன் நம்பரும்கூட. பக்கத்திலேயே கையெழுத்து. எண்ணும் கையெழுத்தும் சேர்ந்து யார் கையிலும் சிக்கக் கூடாது என்றவர் இரண்டையும் சேர்த்து எங்கள் கையில் கொடுத்துவிட்டு ரயில் ஏறிவிட்டார். செக் மெட்ராஸ், பம்பாய் என்று உலகம் சுற்றிப் பல மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அவர் கணக்கை யாரும் துடைத்து எடுக்கவில்லை. அதில் முதலிலிருந்தே எதுவும் இருக்கவில்லை, அவ்வளவுதான். இவ்வளவு பாதுகாப்பான கணக்கை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

ஆடி மாதம் போஸ்ட்மேன் ஒரு தடித்த உறையைக் கொண்டுவந்தார். ஓரமெல்லாம் கறுப்புக் கரை. எங்கள் பக்கமும் கறுப்புக் கரை போட்ட கடிதம் என்றால் ஒரே அர்த்தம்தான். மாமியார் அதை வீட்டுக்குள் கொண்டுவர விடவில்லை. "வெளிய நின்னே படிச்சிட்டுக் கிழிச்சிப் போட்டுடு" என்றார். வாசல்படியில் நின்று பிரித்தேன். கூடத்தில் மாமனார் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாரும்மா செத்துட்டாங்களாம்?"

நான் ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்தேன். வேறு வழியில்லை.

"நீங்கதான் மாமா."

விஷயம் இதுதான். ஜெர்மன்காரம்மா அனுப்பிய அடுத்த வாடகை, கணக்கு முடிக்கப்பட்டது என்ற குறிப்போடு திரும்பிப் போயிருந்தது. அவர் ஊரில் ஒரு மனிதன் பள்ளிக்கூட நாளில் வாங்கிய கணக்கு எண்ணோடுதான் கல்லறைக்குப் போவானாம். ஆகவே கணக்கு முடிந்துவிட்டது என்றால் மனிதர் முடிந்துவிட்டார் என்றே அவர் எடுத்துக்கொண்டார். உடனே துக்கக் கடிதம் எழுதிவிட்டார்.

"படி" என்றார் மாமனார். இட்லியைத் தள்ளி வைத்துவிட்டார்.

வாசலில் நின்றபடியே தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். அவர் மறைந்த செய்தி தன்னை மிகவும் வருத்தியதாக எழுதியிருந்தார். மாடியில் தண்ணீர் தீர்ந்துபோனால் கேட்காமலே குடத்தைத் தூக்கி வந்து வைப்பாராம். தான் பார்த்துவிடக் கூடாதென்று சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவாராம். காய்ச்சலில் படுத்திருந்தபோது மலையைப் பார்க்க முடியவில்லையே என்று தான் சொன்னது என் மூலம் தெரிந்து, கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாராம். "உன் புருஷன் எங்கே என்று அந்த ஊரில் என்னைக் கேட்காத மனிதர் அவர் ஒருவர்தான்" என்று எழுதியிருந்தார். மாதாகோயில் பாட்டுக் குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்காகப் பாடியதாம். கடைசியில் ஒரு வேண்டுகோள். அவர்கள் ஊரில் சாவு அறிவிப்பிலேயே ஒரு கணக்கு எண்ணை அச்சடிப்பார்களாம். மாலைக்குச் செலவிடும் பணத்தை அதில் ஒரு நல்ல காரியத்துக்குப் போடுவார்களாம். ஆகவே மறைந்தவரின் நினைவாகத் தான் எந்தக் கணக்கில் பணம் செலுத்த வேண்டும், எண்ணைத் தயவுசெய்து தெரிவிக்கவும்.

"செத்தப்புறமுமா நம்பரு கேக்குது?" என்றார் மாமனார்.

மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பதா, திருஷ்டி கழிப்பதா என்று தெரியாமல் நின்றார். பிறகு இரண்டையும் செய்தார். நானும் சிரித்துவிட்டேன். மாமனார் சிரிக்கவில்லை. கை கழுவிக்கொண்டு வந்து வாசல்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தக் கொடம் தூக்கினது எழுதியிருந்துதே, அத மட்டும் இன்னொரு வாட்டி படி."

படித்தேன். உயிரோடு இருக்கும்போது தன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை கேட்கும் வாய்ப்பு எங்கள் பக்கத்து ஆண்களுக்கு அநேகமாகக் கிடைப்பதில்லை. அதற்கு அவர்கள் சாக வேண்டும். செத்தாலும் ஒப்பாரியில் பாதி பொய். இவருக்கு ஒரு கணக்கை முடித்ததிலேயே கிடைத்துவிட்டது.

"எத்தினி பேரு பாடினாங்களாம்?"

"அது எழுதல மாமா."

"ம். நீ பதில் எழுதிடு. உயிரோட கீறாருன்னு எழுது. ஒடம்பு நல்லாருக்குதுன்னு எழுது. ரூம யாருக்கும் விடல, பூட்டிதான் இருக்குதுன்னு எழுது."

"புது நம்பர்?"

அவர் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார் என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"அந்தம்மா வந்தே குடுக்கட்டும்" என்றார்.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு ஊர் வழக்கம்போல நெரிந்தது. லாட்ஜ்களில் படிக்கட்டைக்கூட வாடகைக்கு விட்டார்கள். மாடியில் பூட்டிக் கிடக்கும் அறையைக் கேட்டு ஆள்மேல் ஆள் வந்தது. வழக்கமான வாடகையைப் போலப் பல மடங்கு தருவதாகச் சொன்னார்கள். மாமனார் அசையவில்லை. கடைசியாக மச்சானே குடும்பத்தோடு வந்து இறங்கினார்.

"மாமா, மேல ரூமு சும்மாதான கெடக்குது?"

"அது அந்தம்மா ரூமு."

"அவங்கதான் இன்னும் வரலியே!"

"வரும். நீங்க கூடத்துல படுத்துக்குங்க."

அவர் மச்சானுக்கு எதையாவது இல்லை என்று சொன்னதை நாங்கள் முதல் தடவையாகக் கேட்டோம். மாமியார்கூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

எழுதியிருந்தபடியே தீபத்துக்கு இரண்டு நாள் முன்னதாக ஜெர்மன்காரம்மா வந்தார். அன்று காலையிலிருந்தே மாமனார் சலவை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, கேட் அருகில் நின்றுகொண்டிருந்தார். நான் எழுதிய பதிலை நம்பாமல் இருந்தால், நேரில் பார்த்தாவது நம்பட்டும் என்பது ஏற்பாடு. ஆட்டோ வந்து நின்றது. அம்மா இறங்கினார், பையைக் கீழே போட்டார், நடுரோட்டில் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். மாமனார் இரண்டு கைகளையும் விறைப்பாகத் தொங்கவிட்டுக்கொண்டு கரண்டுக் கம்பம் மாதிரி நின்றார். டீக்கடையில் இருந்தவர்கள் அனைவரும் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒரு கணக்கு எண்ணைச் சொல்லியிருந்தால் இந்த மானக்கேடு வந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது, அவர் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை.

பாக்கி வாடகையை அம்மா அன்றைக்கே கையில் கொடுத்துவிட்டார். கையோடு போய் எங்கள் பேங்க்கிலேயே தனக்கும் ஒரு கணக்கைத் திறந்துகொண்டார். அந்த எண்ணை எனக்குச் சொன்னார், பால்காரருக்குச் சொன்னார், கேட்காத கீரைக்காரிக்கும் சொன்னார்.

அதற்குள் நான் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தேன். முதல் மாணவி ஜெர்மன்காரம்மாதான். "கணக்கு" என்ற சொல்லுக்கு இத்தனை அர்த்தமா என்று அலுத்துக்கொள்வார். மற்றவர்களும் சேர்ந்தார்கள். துவரம்பருப்பு டப்பாவில் சேர்ந்த பணத்தைப் பார்த்து, எனக்கென்று ஒரு கணக்கு வேண்டும் என்று தோன்றியது. என் பெயரில், எனக்கு மட்டும்.

புதுக் கணக்குத் திறக்க, ஏற்கெனவே கணக்கு இருக்கும் ஒருவர் என்னைத் தெரியும் என்று அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். மாமனாரைக் கேட்டேன். "வா, போடறேன்" என்று உடனே சட்டை மாட்டிக்கொண்டார். ஜெர்மன்காரம்மாவும் கூட வந்தார். கவுண்டரில் ஃபாரத்தைக் கொடுத்தார்கள். மாமனார் பெயரை எழுதினார், விலாசத்தை எழுதினார். அடுத்த கட்டத்தில் அறிமுகம் செய்பவரின் கணக்கு எண். பேனா நின்றுவிட்டது.

"இத எழுதாம கையெழுத்து மட்டும் போட்டா ஆவாதா?"

"ஆவாதுங்களே" என்றார் கிளார்க்.

மாமனார் என் பக்கம் திரும்பினார். "நீ கொஞ்சம் அந்தாண்ட திரும்பிக்கம்மா."

நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் பக்கம் திரும்பி நின்றேன். முருகன் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமனாருக்கு நான் சோறு போட்டிருக்கிறேன், அவர் சாவுக் கடிதத்தை அவருக்கே படித்துக் காட்டியிருக்கிறேன். எண் விஷயத்தில் மட்டும் நானும் மச்சானும் ஒரே வரிசை. பின்னால் பேனா உரசும் சத்தம் வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது, ஜெர்மன்காரம்மா அவர் விரல்களிலிருந்து பேனாவை மெதுவாக உருவிக்கொண்டிருந்தார். அவர் எழுதியதை அடித்துவிட்டு, தன் பெயர், விலாசம், தன் கணக்கு எண் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். உள்ளூர் மருமகளான என்னை இன்னார் என்று எங்கள் ஊர் பேங்க்குக்கு எடுத்துச் சொன்னவர், கடல் தாண்டி வந்த ஒரு நர்ஸ்.

ஜெர்மன்காரம்மா அங்கிருந்தே கோயிலுக்குப் போய்விட்டார். நானும் மாமனாரும் வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் அவரே ஆரம்பித்தார்.

"உன்ன நம்பாம இல்லம்மா."

"தெரியும் மாமா."

"நம்பரு தெரிஞ்சா பணம் கீதுன்னு தெரியும். தெரிஞ்சா கேப்பாங்க. கேட்டா எனக்கு இல்லன்னு சொல்ல வராது. சின்ன வயசிலேர்ந்தே வராது. அதுக்குத்தான் எல்லாத்தையும் மூடி மூடி வெச்சிக்கறது."

எனக்கு ஒரு குத்தலான பதில் தயாராக இருந்தது. தீபத்துக்கு வந்த மச்சானைக் கூடத்தில் படுக்க வைத்தது ஞாபகம் வந்தது; அந்தப் பதிலைச் சொல்லவில்லை. வெயில் ஏறிவிட்டது, ஓரமாக நடங்கள் என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை வந்த என் கணவர் என் புதுப் பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லதுதான்" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு. அடுத்த கோடையில், அந்தக் கணக்கிலிருந்து முதல் தடவையாகப் பணம் எடுத்து, பாடம் சொல்லிக்கொடுக்கும் அறைக்கு ஒரு டேபிள் ஃபேன் வாங்கினேன். மத்தியானத்தில் மாணவர்கள் போனதும் மாமனார் அதன் எதிரில் வந்து துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார். "கம்மியா ஓடுது, கொஞ்சம் ஜாஸ்தி வெய்யம்மா" என்பார். வைப்பேன்.